மேசை மேல் நின்றவரும் கடைசி வரிசையும்: பிரேசிலின் தொழிலாளர் தொலைக்காட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆ.பே.சே. உலோகத் தொழிலாளர் சங்கம், சாவோ பெர்னார்டோ. சாவோ பாவ்லோ, ஒசாஸ்கோ வட்டார வங்கி ஊழியர் சங்கம். இவை இரண்டும் அறக்கட்டளை வழியாக நடத்தும் 'தேவேதே' என்கிற தொழிலாளர் தொலைக்காட்சியின் பொறுப்பாளர்கள்.

தோழர்களே,

வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன். பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் 31 வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் போர்த்துகீசிய மொழி எனக்குத் தெரியாது. உங்கள் தொலைக்காட்சியை யூடியூபில் பார்க்கும்போது, அடியில் ஓடும் மொழிபெயர்ப்பை என் மகள் சில நேரம் படித்துச் சொல்வாள். அவள் இல்லாத நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சுவார்த்தை முடிந்ததா முறிந்ததா என்பது கேட்டுக்கு வெளியே ஆட்கள் கைகட்டி நிற்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒருமுறை பதினேழு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பதினாறு நாள் ஒரு கேமராவும் எங்கள் பக்கம் வரவில்லை. பதினேழாவது நாள் மெயின்ரோட்டில் ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவு செய்தியில் வந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான். எங்களுக்கு எத்தனை மாதச் சம்பளப் பாக்கி, எதற்காக வெளியே உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்கு அதில் ஒரு வரி கூட இடம் கிடைக்கவில்லை. என் அம்மா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "நீயும் கல்லெடுத்தியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. தொழிலாளர் சங்கங்களே ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்துகின்றன என்று பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது அம்மாவின் முகம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சங்கப் பத்திரிகையான 'திரிபூனா மெத்தலூர்ஜிக்கா'வில் 1972 முதல் ஜோவாவோ ஃபெராடோர் என்று ஒரு கார்ட்டூன் ஆசாமி வந்தார். லாடம் அடிப்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருளாம். ராணுவ ஆட்சி, தணிக்கை, வேலைநிறுத்தத்துக்குத் தடை எல்லாம் இருந்த காலம். அந்த நேரத்தில் அவர் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சின்னச் சின்னச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் அவருடைய படத்தைத் தொழிலாளிகள் சட்டையில் போட்டுக்கொண்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஒரு சாதாரணத் தொழிலாளி தைரியமாகச் சீட்டு எழுதலாம் என்பதை உங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த வழியில் இது என் சீட்டு. இம்முறை மேலே இருப்பவர்கள் நீங்கள்.

1979 மார்ச் 13-ஆம் தேதி சாவோ பெர்னார்டோவின் வில்லா யூக்ளிதெஸ் விளையாட்டரங்கில் நடந்ததை நீங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். இங்கே பலருக்குத் தெரியாது என்பதால் நானும் சொல்கிறேன். சாந்தோ ஆந்த்ரே, சாவோ பெர்னார்டோ, சாவோ கயெதானோ என்கிற மூன்று ஊர்களின் முதலெழுத்தைச் சேர்த்துத்தான் அந்த வட்டாரத்தை ஆ-பே-சே என்கிறார்கள். வோக்ஸ்வேகன், ஃபோர்டு, மெர்சிடிஸ், ஸ்கேனியா எல்லாம் வரிசையாக இருந்த கார் பூமி. அதற்கு முந்தைய வருடம் மே 12 அன்று ஸ்கேனியா தொழிலாளிகள் உள்ளே போய், கார்டைப் பதிந்து, மெஷின் முன்னால் நின்றார்கள். ஆனால் சுவிட்சைப் போடவில்லை. பத்து வருடமாக அடங்கிக் கிடந்த வேலைநிறுத்தம் அப்படித்தான் திரும்ப வந்தது. மறுவருடம் அது வட்டாரம் முழுக்கப் பரவியது. சங்கக் கட்டடத்துக்குள் அடங்காத கூட்டம் விளையாட்டரங்குக்கு வந்தது.

வந்தால், மைக் செட் இல்லை. மேடையும் இல்லை. சங்கத் தலைவர் ஒரு மேசையின் மேல் ஏறினார். லூலா என்கிற அந்த 33 வயது ஆள் லேத் தொழிலாளி. இளம் வயதில் இடது கைச் சுண்டுவிரலை மெஷினுக்குக் கொடுத்தவர். (லேத் ஓட்டியவன் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. என் பக்கத்து மெஷினில் இருந்தவருக்கு இரண்டு விரல் போனது.) அவர் ஒரு வாக்கியம் சொன்னார். முன்வரிசையில் நின்றவர்கள் அதைத் திருப்பிப் பின்னால் கத்தினார்கள். அடுத்த வரிசை அதற்குப் பின்னால். இப்படி ஒவ்வொரு வாக்கியமும் வாய்மாறி வாய்மாறி, பல்லாயிரம் பேரைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அடுத்த வாக்கியத்துக்காக அவர் மேசை மேல் காத்திருந்தார்.

உங்கள் தொலைக்காட்சி பிறந்தது 2010-இல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களே 1986-இல் சங்கம் தொடங்கிய வீடியோ தயாரிப்பிலிருந்து கணக்கிடுகிறீர்கள். என்னைக் கேட்டால் அது அந்த மேசையின் மேல் பிறந்தது. பேசுவதற்கு ஆளும் கேட்பதற்கு ஆளும் இருந்தும், நடுவில் ஒரு ஒலிபெருக்கி இல்லாத குறையிலிருந்து பிறந்தது.

அன்றைக்கு நாட்டில் ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ராணுவப் புரட்சி நடந்த மறுவருடம், 1965-இல் தொடங்கிய குளோபோ தொலைக்காட்சி, 1969 முதல் நாடு முழுக்கத் தெரியும் இரவுச் செய்தியை நடத்தியது. 1984 ஜனவரி 25-ஆம் தேதி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சாவோ பாவ்லோவின் சே சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அன்றிரவு குளோபோ அதை, நகரத்தின் 430-ஆவது பிறந்தநாள் கொண்டாட்டம் என்ற அறிமுகத்தோடு காட்டியது. செய்தியின் உள்ளே கோரிக்கை பற்றிக் குறிப்பு இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவன் தலைப்பைத்தான் பிடித்துக்கொள்வான். எங்கள் பஸ் கண்ணாடி மாதிரி. 1964 புரட்சியை ஆதரித்தது தவறு என்று அந்த நிறுவனத்தின் பத்திரிகை 2013-இல் தானே எழுதியது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து.

தொலைக்காட்சி உரிமம் கேட்டு நீங்கள் முதலில் போனது 1987-இல். கையில் அப்போது இருந்தவை வீடியோ கேமராவும் காஸெட்டும். சொந்தமாகப் படமெடுத்து, சங்க அரங்குகளிலும் ஆலை வாசல்களிலும் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தீர்கள். அதே காலத்தில் அதிபர் சார்னியின் அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட வானொலி, தொலைக்காட்சி உரிமங்களை வாரி வழங்கியது. அதிபர் பதவிக்காலம் ஐந்து வருடமா நான்கு வருடமா என்று அரசியல் சட்ட அவையில் வாக்கெடுப்பு நெருங்கிய நேரம் அது. கொடுத்த அமைச்சர் அந்தோனியோ கார்லோஸ் மகல்யாயெஸ். பாயியா மாநிலத்தில் அவருடைய குடும்பத்துக்கும், மரன்யாவோ மாநிலத்தில் சார்னி குடும்பத்துக்கும் குளோபோவோடு இணைந்த தொலைக்காட்சி நிலையங்கள் உண்டு. கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கார் செய்கிறவர்களுக்கு அங்கே இலை போடவில்லை.

1988-இல் வந்த புது அரசியல் சட்டம் எவ்வளவு நல்ல வார்த்தைகளை எழுதி வைத்தது! 220-ஆவது பிரிவு, ஊடகம் ஒருவர் கையிலோ சிலர் கையிலோ குவியக் கூடாது என்கிறது. 223-ஆவது பிரிவு, தனியார், பொது, அரசு என்று மூன்று வகை ஒளிபரப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும் என்கிறது. அதே 223-இல் இன்னொன்றும் இருக்கிறது. தொலைக்காட்சி உரிமம் 15 வருடத்துக்கு. அதைப் புதுப்பிக்காமல் விட வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். உறுப்பினர்கள் பலருக்கு ஏதாவதொரு நிலையத்தோடு உறவு இருக்கிற நாட்டில் அது நடக்கிற காரியமா? உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்கவும் வெளியே நிற்பவர் வெளியேயே நிற்கவும் அந்த ஏற்பாடு போதும்.

நீங்கள் வெளியே நின்றீர்கள். சார்னி, கோலோர், இதமார் ஃபிராங்கோ, ஃபெர்னாண்டோ என்ரிகே என்று நான்கு அதிபர்கள் வந்து போனார்கள். கிடைக்கவில்லை. ஐந்தாவதாக, அந்த மேசை மேல் நின்ற ஆளே அதிபரானார். அப்போதும் உடனே வரவில்லை. அவருடைய இரண்டாவது பதவிக்காலத்தின் கடைசியில்தான் வந்தது. சாவோ பாவ்லோ பெருநகர வட்டாரத்தில் உள்ள மோஜி தாஸ் குருசெஸ் ஊரின் பெயரில் ஓர் அலைவரிசை. 2010 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஒளிபரப்பு தொடங்கியது. விண்ணப்பத்திலிருந்து திரை வரை 23 வருடம். முதல் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தபோது பிறந்த குழந்தை, முதல் ஒளிபரப்பின்போது சங்க உறுப்பினராகவே ஆகியிருக்கும்.

எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொழிற்சங்கத்தின் பெயரில் நேரடியாக வாங்க வழியில்லை. 1967-இல் ராணுவ ஆட்சி போட்ட 236-ஆம் எண் ஆணைச் சட்டம் கல்வித் தொலைக்காட்சி என்று ஒரு வகையை உண்டாக்கியிருந்தது. மத்திய அரசு, மாநிலங்கள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், அப்புறம் அறக்கட்டளைகள் அதை நடத்தலாம். ஆகவே நீங்கள் 'தொடர்பு, பண்பாடு, உழைப்புச் சமூக அறக்கட்டளை' என்று ஒன்றை வைத்து, அதன் பெயரில் போனீர்கள். உங்கள் சங்கத்துக்குள் புகுந்து தலைவர்களை நீக்கிய ஆட்சி, 1980-இல் வில்லா யூக்ளிதெஸ் மேல் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்ட ஆட்சி, விட்டுப்போன கதவு அது. அதன் வழியாகவே உள்ளே வந்தீர்கள். பூட்டின் அளவு தெரிந்தால் சாவியை லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்பார் எங்கள் மேஸ்திரி.

ஆனால் அந்தக் கதவுக்கு விலை இருந்தது. கல்வித் தொலைக்காட்சி வணிக நோக்கத்தில் நடக்கக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது என்பது அதே ஆணைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. சோப்பு விளம்பரமும் இல்லை, கார் விளம்பரமும் இல்லை. பிறகு பணம் எங்கிருந்து வரும்? சந்தாவிலிருந்துதான் பெரும்பகுதி வந்தாக வேண்டும். பெயிண்ட் ஷாப்பில் மூச்சைப் பிடித்து நிற்பவரின் சந்தா, வங்கி கவுண்டரில் மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்திருப்பவரின் சந்தா. கூலியிலிருந்து பிடித்த காசு ஒரு செய்தியாளரின் சம்பளமாகவும் கேமராவின் லென்ஸாகவும் மாறுகிறது. உலகத்தில் இப்படி நடக்கும் நிலையங்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? அதனால்தான், கண்டம் விட்டுக் கண்டம் இருந்தும் இதை என் சொத்து மாதிரி நினைத்துக் கவலைப்படுகிறேன்.

கவலைக்கு ஏற்கெனவே காரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் கையெழுத்தாகி நவம்பர் 11-இல் நடைமுறைக்கு வந்த 13,467-ஆம் எண் சட்டம், எல்லாத் தொழிலாளியிடமும் வருடத்துக்கு ஒரு நாள் கூலியைச் சங்கத்துக்காகக் கட்டாயமாகப் பிடிக்கும் முறையை நிறுத்தியது. அந்தக் கட்டாயப் பிடித்தம் வேண்டாம் என்பது 1983-இல் உங்கள் ஊரிலேயே பிறந்த 'கூத்' (CUT) என்கிற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பழைய நிலைப்பாடு என்பதும் எனக்குத் தெரியும். கேட்டது வேறு, வந்தது வேறு. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் நிறுத்தியதில் நாடு முழுக்கச் சங்கங்களின் அந்த வருமானம் சரிந்தது. 2019 பிப்ரவரி 19-இல், 1967 முதல் நடத்திவந்த சாவோ பெர்னார்டோ தொழிற்சாலையை மூடுவதாக ஃபோர்டு அறிவித்தது. அந்த வருடமே மூடியும்விட்டது. ஒரு தொழிற்சாலை மூடினால் சந்தாப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக அடித்தல் விழும். அந்தப் பக்கங்களில்தான் உங்கள் நிலையமும் நிற்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்களை எதிர்ப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். ஆனாலும் நேசிப்பவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அதே 1979-இன் அடுத்த பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மார்ச் 23-இல் அரசு சங்கத்துக்குள் புகுந்து நிர்வாகிகளை நீக்கியது. சில நாள் கழித்து லூலா விளையாட்டரங்குக்குத் திரும்பி வந்து, வேலைநிறுத்தத்தை 45 நாள் நிறுத்திவைப்போம், பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுப்போம் என்று கேட்டார். கூட்டம் கை தூக்கியது. மே மாதம் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார்கள். அதற்கும் கை தூக்கியது. ஆனால் பலர் மனசுக்குள் ஒப்பவில்லை. தலைவர்கள் தங்களைக் கைவிட்டுவிட்டதாக நினைத்தவர்கள் இருந்தார்கள். தொழிலாளிகளிடம் அந்தக் கசப்பு இருந்ததை லூலாவே பின்னாளில் மறைக்கவில்லை. மறுவருடம் 41 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் பிடிவாதத்துக்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு என்னுடைய கடைசி வரிசை ஞாபகம் வந்தது. எங்கள் பேரவைக் கூட்டங்களில் நான் எப்போதும் பின்னால்தான் நிற்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த தலைவர் முன்னால் பேசுவார். கைதட்டல் கேட்கும். பின்னால் நாங்கள் நாலு பேர், "இன்சென்டிவ் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே" என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வோம். அந்த முணுமுணுப்பு முன்வரிசைக்கு ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. தலைவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் நல்லவர், எங்களுக்காக ஜெயிலுக்குப் போனவர். ஆனால் அவருடைய பேச்சைப் பின்னால் கொண்டுவர ஒலிபெருக்கி இருந்தது. எங்கள் பேச்சை முன்னால் கொண்டுபோக எதுவும் இல்லை.

வில்லா யூக்ளிதெஸில் வாக்கியங்கள் முன்னாலிருந்து பின்னால் போயின. பின்னாலிருந்து முன்னால் வருவதற்குக் கை தூக்குவது ஒன்றுதான் வழி. தூக்கிய கையில் ஆம் உண்டு, இல்லை உண்டு. "ஆமாம், ஆனால்..." என்பதைக் கையால் சொல்ல முடியாது. தொழிலாளிகள் பணம் போட்டு நடத்தும் தொலைக்காட்சி அந்த 'ஆனால்' முன்னால் வருகிற வழியாக இருக்க வேண்டும். கேமராவைச் சங்கத்தின் பக்கமும் திருப்புங்கள். நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

முதலாளிகள் பக்கம் திருப்ப உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலை மூடும்போது, போலீஸ் தடியோடு வரும்போது நீங்கள் இருந்திருக்கிறீர்கள். 2018 ஏப்ரலில் லூலாவுக்குக் கைது ஆணை வந்து, அவர் உங்கள் சங்கக் கட்டடத்திலேயே இரண்டு இரவு தங்கியிருந்து, 7-ஆம் தேதி கூட்டத்தின் நடுவிலிருந்து போலீசிடம் போனபோது உங்கள் கேமராக்கள் உள்ளிருந்து பார்த்தன. வெளியே நின்ற பெரிய நிறுவனங்களின் கேமராக்களுக்குக் கிடைக்காத இடம். அவர் 580 நாள் சிறையில் இருந்தார். அந்த நாட்களில் நீங்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் காட்டாத பக்கத்தைக் காட்டினீர்கள்.

ஆனால் இப்போது அவர் மறுபடி அதிபர், 2023 ஜனவரியிலிருந்து. மேசை மேல் நின்றவர் மாளிகையில் இருக்கிறார். இந்த நேரத்தில்தான் உங்கள் நிலையத்துக்கு உண்மையான பரீட்சை. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால், பல்கலைக்கழக ஆசிரியர்கள் வெளியே வந்தால், எதிரே நிற்பது உங்கள் ஆள். உங்கள் செய்தியாளர் அவர் அமைச்சரிடம் அதே தொனியில் கேட்பாரா? 1980-இல் தளபதிகளிடம் கேட்டிருக்கக்கூடிய அதே தொனியில்? கேட்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சந்தா கொடுக்கிறவர், இது என் டிவி என்பார். கேட்காவிட்டால், இது அவர்கள் டிவி என்று சேனலை மாற்றிவிடுவார். அவரை யாரும் தடுக்க முடியாது, ரிமோட் அவர் கையில்.

லூலாவின் ஆட்சியில் உரிமம் கிடைத்தது என்பதை வைத்து உங்களைக் குத்திக்காட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் 1987-ஐச் சொல்வேன். கேட்டது அப்போது, அவர் அதிபராவதற்கு 16 வருடம் முன்னால். ஆனால் அந்தப் பதில் பாதிதான். மீதிப் பதில் தினமும் திரையில் வர வேண்டும்.

அடுத்து, சங்கத்துக்கே வெளியில் நிற்பவர்கள். 2020 ஜூலை 1-ஆம் தேதி, கொரோனா உச்சத்தில், சாவோ பாவ்லோ தெருக்களில் மோட்டார் சைக்கிள் டெலிவரிக்காரர்கள் வேலையை நிறுத்தி வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். 'பிரேக்கி தொஸ் ஆப்ஸ்' என்று அதற்குப் பெயர். கிலோமீட்டருக்குக் கூடுதல் பணம், குறைந்தபட்சக் கட்டணம், காரணம் சொல்லாமல் செயலியிலிருந்து தூக்குவதை நிறுத்துவது, முகக்கவசம். இவைதான் கேட்டது. முதுகில் பெட்டியைச் சுமந்த அந்தப் பையன்களில் ஒரு பகுதியினர் சங்கங்களையும் கட்சிகளையும் கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள். அதைக் கேட்டுச் சங்கத்துப் பெரியவர்களுக்கு வருத்தம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் நிலைமை 1979 மார்ச் 13-இல் உங்களுக்கு இருந்த நிலைமைதானே? ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. வாட்ஸ்அப்பில் வாய்மாறி வாய்மாறிப் போன வாக்கியங்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், வாரம் ஒருநாள், அவர்களே நடத்தட்டும். உங்களைத் திட்டினாலும் ஒளிபரப்புங்கள். சந்தா கொடுக்காதவர்கள்தான். கொடுக்கிற நிலைக்கு வருவார்களா என்பது நீங்கள் இன்று கொடுக்கிற மைக்கைப் பொறுத்தது.

வீட்டு வேலை செய்பவர்கள் அங்கே சுமார் 60 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். லாவுதெலினா தி காம்போஸ் மெலோ என்ற கறுப்பினப் பெண் 1936-இலேயே சாந்தோஸ் துறைமுக நகரத்தில் அவர்களுக்காக முதல் சங்கத்தை அமைத்தார். மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமான உரிமையை நோக்கி அரசியல் சட்டம் திருத்தப்பட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் 23 வருடத்தோடு இந்த 77 வருடத்தை வைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஆலை வாசல் கிடையாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு சமையலறை, ஒரு எஜமானி. கேட் மீட்டிங் போட முடியாத தொழிலாளிக்குத் தொலைக்காட்சிதான் கேட். மதியம் துணி தேய்க்கும்போது பார்க்கிற நேரத்தில் அவர்களுக்கான நிகழ்ச்சி வர வேண்டும், இரவு எட்டு மணிக்கு வந்து பயனில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு 98.9 எஃப்எம் வானொலியும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், கரண்ட் பில் வேண்டும். நான் சொல்வதில் பாதிக்குப் பெரிய செலவில்லை என்றே நினைக்கிறேன். பேரவைக் கூட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, எதிர்த்துப் பேசுகிறவரையும் சேர்த்து, வெட்டாமல் போடுவதற்கு ஒரு கேமராவும் ஒரு முக்காலியும் போதும். சங்கத் தேர்தல் வந்தால் எதிரணிக்கும் சம நேரம் கொடுப்பதற்குப் பணமே வேண்டாம், மனசுதான் வேண்டும். அரசியல் சட்டத்தின் 220-ஆவது பிரிவை நாட்டுக்குக் கேட்கும் சங்கம் அதைத் தன் ஸ்டுடியோவிலும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

காஸெட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986 முதல் நீங்கள் எடுத்தவை காந்த நாடாக்கள். ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும், வருடம் போகப் போகப் பொடியாக உதிரும். இதுவரை எவ்வளவு மாற்றிப் பதிந்திருந்தாலும், மீதியையும் சீக்கிரம் செய்து முடியுங்கள். அவற்றில் தலைவர்கள் பேசியது வேறெங்கும் கிடைக்கும், தலைவர்கள் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் கிடைக்காது. எங்கள் வேலைநிறுத்தத்தின் ஒரு போட்டோ கூட என்னிடம் இல்லை. அந்தப் பதினேழு நாள் நடந்ததற்கு உடைந்த கண்ணாடிதான் சாட்சி, அதுவும் பொய்ச் சாட்சி.

முடிப்பதற்கு முன்னால் ஒரு நிகழ்ச்சிக்கு யோசனை சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 1979-இல் இருபது வயதில் அந்த விளையாட்டரங்கில் நின்றவர்களுக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். மேசை மேல் நின்றவரை உலகமே பேட்டி எடுத்துவிட்டது. நீங்கள் கடைசி வரிசையில் நின்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். டியாதெமாவிலும் மவாவிலும் இருப்பார்கள், சிலர் வடகிழக்கில் சொந்த ஊருக்கே திரும்பியிருப்பார்கள். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட வேண்டாம். அவர்கள் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு அத்தனை வாய் மாறி உங்கள் காதுக்கு வந்து சேர்ந்த வாக்கியம் என்ன? மே மாதம் ஒப்பந்தத்துக்குக் கை தூக்கினீர்களே, அப்போது பக்கத்தில் நின்றவரிடம் என்ன சொன்னீர்கள்?

பதில் எவ்வளவு நீளமாக வந்தாலும் வெட்டாமல் போடுங்கள். மொழி புரியாவிட்டாலும் நான் இங்கே உட்கார்ந்து முழுவதும் பார்ப்பேன்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவன்
கோயம்புத்தூர்